கவிழ்த்து வைத்த காய்கள்: வியட்நாம் கெரில்லாப் போர் பலகை விளையாட்டை வீட்டிலேயே அமைத்து ஆட முழுமையான வழிகாட்டி

1971-ல் அமெரிக்காவின் 'ஸ்ட்ராட்டஜி அண்ட் டாக்டிக்ஸ்' இதழ் தன் 26-வது எண்ணோடு ஒரு பலகை விளையாட்டைக் கொடுத்தது. பெயர் 'கிரண்ட்'. வடிவமைத்தவர் ஜான் யங். வெளியிட்டது ஜேம்ஸ் டனிகன் 1969-ல் தொடங்கிய எஸ்.பி.ஐ. நிறுவனம். களம் 1965-ன் வியட்நாம். அந்த இதழ் வாசகர் கைக்குப் போனபோது போர் முடியவில்லை, அமெரிக்கப் படைகள் அங்கே சண்டையிட்டுக்கொண்டிருந்தன. 1975-ல் இதே ஆட்டத்தை விரித்து 'சர்ச் அண்ட் டெஸ்ட்ராய்' என்று தனிப் பெட்டியாக வெளியிட்டார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 30-ல் தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் வீழ்ந்தது.

அதற்கு முன்பு வந்த பெரும்பாலான போர் விளையாட்டுகளில் எதிரி கண்ணுக்கு எதிரே நிற்பான். எத்தனை பேர், எவ்வளவு பலம் எல்லாம் காயின் மேலேயே அச்சாகியிருக்கும். கெரில்லாப் போரை அப்படி ஆடவே முடியாது. எதிரி எங்கே, அவன் எதிரிதானா, அந்த மூட்டையில் இருப்பது அரிசியா வெடிமருந்தா என்று தெரியாமல் நடப்பதுதான் அந்தப் போர். துப்பாக்கிச் சண்டை அதன் கடைசிச் சில நிமிடங்கள் மட்டுமே. இந்த வகை ஆட்டங்களை நான் விரும்பக் காரணமும் அதுதான். படித்துத் தெரிந்துகொள்ளும் ஒரு விஷயத்தை மேசையில் அனுபவித்துப் புரிந்துகொள்ள வைக்கின்றன.

பழைய பிரதிகள் அச்சில் இல்லை. எங்காவது ஒன்று கிடைத்தால் முதலில் காய்களை எண்ணிச் சரிபாருங்கள், பிறகு விதிப்புத்தகத்தை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எஸ்.பி.ஐ. விதிகள் 5.0, 5.1, 5.11 என்று எண் போட்டு வரும். முழுதாகப் படித்துவிட்டு ஆடலாம் என்று உட்கார்ந்தால் களைத்துப்போவீர்கள். ஒரு சுற்று எந்த வரிசையில் நடக்கிறது என்ற பகுதியை மட்டும் படித்துவிட்டுக் காயை நகர்த்தத் தொடங்குங்கள். சந்தேகம் வரும்போது அந்த எண்ணைப் புரட்டினால் போதும்.

பிரதி கிடைக்காதவர்களுக்காகத்தான் கீழே இருக்கும் பயிற்சி ஆட்டம். அந்தக் காலத்து முறையைப் பின்பற்றி நான் அமைத்தது, விதிகள் என்னுடையவை. ஒரு மாலையில் பலகை செய்து, அடுத்த மாலையில் ஆடிவிடலாம்.

படி 1: பலகை

தேவை ஒரு சார்ட் பேப்பர், அளவுகோல், பென்சில். எல்லோரும் தயங்குவது அறுகோணக் கட்டம் வரைவதற்குத்தான். வரையவே வேண்டாம். 3 செ.மீ. சதுரங்களை மேலிருந்து கீழாக ஒரு பத்தியில் 12 போடுங்கள். அடுத்த பத்தியை அரைச் சதுரம், அதாவது ஒன்றரை செ.மீ., கீழே இறக்கித் தொடங்குங்கள். அதற்கடுத்தது மறுபடி மேலே. இப்படி 10 பத்திகள். இப்போது நடுவில் உள்ள எந்தச் சதுரத்தைப் பார்த்தாலும் அது ஆறு சதுரங்களைத் தொடும்: மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு. அறுகோணம் செய்யும் வேலையை அப்படியே செய்துவிடும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு இலக்க எண் கொடுங்கள். முதல் இரண்டு இலக்கம் பத்தி, அடுத்த இரண்டு வரிசை. 0508 என்றால் ஐந்தாம் பத்தியில் எட்டாவது கட்டம். பீரங்கி அழைக்கும்போது இந்த எண் இல்லாமல் முடியாது, சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள்.

ஒரு கட்டம் ஏறத்தாழ 200 மீட்டர், ஒரு சுற்று அரைமணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். களம் வியட்நாமின் மத்திய மேட்டுநிலம். கட்டங்களில் பாதிக்குக் காட்டை வரையுங்கள். ஒரு மூலையில் பத்துப் பன்னிரண்டு கட்டங்கள் மலைக்காடு. நான்கு கிராமங்கள், அவற்றைச் சுற்றி வயல். கிராமங்களை இணைத்து ஓர் ஒற்றையடிப்பாதை. மீதி எல்லாம் வயலும் புல்வெளியும். காடும் வயலும் கலந்து கிடக்கட்டும். காடு முழுக்க ஒரு பக்கம், வயல் முழுக்க மறுபக்கம் என்று பிரித்து வரைந்தால் ஆட்டம் படுத்துவிடும்.

படி 2: காய்கள்

தினசரிக் காலண்டரின் பின்னட்டை இதற்கு நல்ல பொருள். 2 செ.மீ. சதுரங்களாக வெட்டுங்கள்.

அமெரிக்கத் தரப்புக்கு 9 குழுக்கள். ஒரு குழு என்றால் பத்துப் பேர் அளவு. மூன்று குழு சேர்ந்தால் ஒரு பிளட்டூன். முன்பக்கம் 3 என்றும், பின்பக்கம் அடிபட்ட நிலைக்கு 1 என்றும் எழுதுங்கள். இவற்றோடு 3 ஹெலிகாப்டர், காயம்பட்டோரைக் குறிக்க 12 சிறு காய்கள், பதுங்கிப்போனதைக் குறிக்க ஏழெட்டு.

வியட்காங் (தென் வியட்நாமின் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள்) தரப்புக்கு 24 காய்கள்: போராளிக் குழு 8, கிடங்கு 4, கண்ணிப்பொறி 4, வெற்றுக்காய் 8. குழுக்களின் பலம் 2. இந்த 24-ன் முதுகும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மை மறுபக்கம் தெரிந்தாலோ, ஒரு காயின் ஓரம் மட்டும் கிழிந்திருந்தாலோ ஆட்டம் கெட்டது. வெட்டிய பிறகு எல்லாவற்றின் முதுகிலும் ஒரே காகிதத்தை ஒட்டிவிடுவது நல்லது.

ஒரு தரப்புக்கு இருப்பது இன்னொரு தரப்புக்கு இல்லை, குறிக்கோளும் வேறுவேறு. ஆடுபுலி ஆட்டம் ஆடிய நமக்கு இது புதிதல்ல. 3 புலியும் 15 ஆடும் ஒரே விதியில் நகர்வதில்லை, ஒரே வழியில் ஜெயிப்பதும் இல்லை. ஆனால் அங்கே எல்லாக் காயும் கண்ணுக்குத் தெரியும். இங்கே ஒரு தரப்பு முழுக்கக் கவிழ்ந்து கிடக்கிறது.

படி 3: தொடக்க அமைப்பு

வியட்காங் ஆட்டக்காரர் 24 காய்களையும் கவிழ்த்துப் பலகையில் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். ஒரு கட்டத்தில் அதிகபட்சம் இரண்டு. நான்கு கிராமங்களிலும் தலா ஒரு காயாவது இருந்தாக வேண்டும். அது என்ன காய் என்பது அவர் இஷ்டம். ஆக, எந்தக் கிராமத்தையும் அமெரிக்கர் "இங்கே ஒன்றுமில்லை" என்று தள்ளிவிட முடியாது.

ஒரு தாளில் '12' என்று எழுதி வியட்காங் ஆட்டக்காரர் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். அதுதான் அவருடைய வெடிமருந்துக் கையிருப்பு. ஒவ்வொரு முறை சுடும்போதும் ஒன்று குறையும். அமெரிக்கர் ஒரு கிடங்கைக் கைப்பற்றினால் இருப்பதில் மூன்று போய்விடும்.

இந்த விதிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. வழக்கமான படைக்குச் சாமான் பின்னாலிருந்து வரும். வியட்காங் தாக்குவதற்கு முன்பே அரிசியையும் தோட்டாவையும் களத்துக்கு அருகே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு, பிறகு வெறுங்கையோடு நடந்துவந்து எடுத்துக்கொள்வார்கள். அந்த மறைவிடம் பறிபோனால் திட்டமிட்ட தாக்குதலே நின்றுவிடும். 1967 ஜனவரியில் 'சீடர் ஃபால்ஸ்' நடவடிக்கையின்போது சைகோனுக்கு வடக்கே 'இரும்பு முக்கோணம்' பகுதியில் அமெரிக்கர்கள் கைப்பற்றியவற்றில் டன் கணக்கில் பதுக்கிய அரிசியும் இருந்தது. அதே நடவடிக்கையில்தான் பென் சுக் கிராமத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் இருந்த ஏறத்தாழ 6,000 மக்களை வெளியேற்றி, பென் சுக்கையே தரைமட்டமாக்கினார்கள். கிடங்கைத் தேடுவதும் ஊரை அழிப்பதும் எவ்வளவு நெருங்கி நின்றன என்பதை இந்த ஒரு நடவடிக்கையே காட்டும்.

படி 4: ஒரு சுற்றின் வரிசை

மொத்தம் 12 சுற்று. ஒவ்வொரு சுற்றும் இந்த வரிசையில்:

1. ஹெலிகாப்டர்
2. அமெரிக்கர் நகர்வு, தேடல்
3. அமெரிக்கர் சூடு, பிறகு பீரங்கி அழைப்பு
4. வியட்காங் சூடு
5. வியட்காங் நகர்வு

அமெரிக்கர் நகர்ந்து சுடுகிறார்கள், வியட்காங் சுட்டுவிட்டு நகர்கிறார்கள். ஆட்டத்தின் உயிர் இந்த ஒரு வித்தியாசத்தில் இருக்கிறது. வரிசையை மாற்றிப்போட்டால் கெரில்லா கெரில்லாவாக இருக்கமாட்டான், வெறும் பலவீனமான காலாட்படை ஆகிவிடுவான்.

ஹெலிகாப்டர்: ஒவ்வொன்றும் சுற்றுக்கு ஒரு வேலை. ஒரு குழுவைக் கொண்டுவந்து, காய் எதுவும் இல்லாத வயல் கட்டத்தில் இறக்கலாம். அல்லது ஒரு வயல் கட்டத்தில் உள்ள காயம்பட்டோர் எல்லோரையும் ஏற்றிப் போகலாம். ஆக 9 குழுவும் வந்துசேர மூன்று சுற்று ஆகும். இது வேண்டுமென்றே வைத்தது. 1965 நவம்பர் 14 அன்று இயா ட்ராங் பள்ளத்தாக்கின் 'எக்ஸ்-ரே' இறங்குதளத்தில் அமெரிக்க அதிகாரி ஹால் மூரின் பட்டாலியன் இறங்கியபோது 16 ஹெலிகாப்டர்கள் போய்ப் போய் வந்துகொண்டிருந்தன. முழுப் படையும் வந்துசேருவதற்குள்ளேயே சண்டை மூண்டுவிட்டது. முதலில் இறங்கியவர்கள் அடுத்த நடை வரும்வரை தனியாகத் தாக்குப்பிடிக்க வேண்டும். ஆட்டத்தில் முதல் இரண்டு சுற்றில் உங்களுக்கு அந்தப் பதைப்பு தெரியும்.

இறங்கும் ஹெலிகாப்டருக்கு இரண்டு கட்டத்துக்குள் போராளிக் குழு இருந்தால், அது வெளிப்பட்டுச் சுடலாம். பகடையில் 6 விழுந்தால் ஹெலிகாப்டர் வீழ்ந்தது, உள்ளே இருந்த குழுவுக்கும் ஓர் அடி.

நகர்வு: இரு தரப்புக்கும் சுற்றுக்கு 4 நகர்வுப் புள்ளி. வயல், கிராமம், பாதை எல்லோருக்கும் 1. காடு அமெரிக்கருக்கு 2, வியட்காங்குக்கு 1. மலைக்காடு அமெரிக்கருக்கு 3, வியட்காங்குக்கு 2. கிடங்கும் கண்ணிப்பொறியும் நகராது. வெற்றுக்காய் போராளிக் குழு மாதிரியே நகரலாம்.

தேடல்: அமெரிக்கக் குழு ஒன்று பக்கத்துக் கட்டத்தில் நின்று, 1 நகர்வுப் புள்ளி செலவழித்து, சுற்றுக்கு ஒருமுறை தேடலாம். வயலில் 3-க்கு மேலும், கிராமத்தில் 4-க்கு மேலும், காட்டில் 5-க்கு மேலும் வேண்டும் (அந்த எண்ணும் சேர்த்தி), மலைக்காட்டில் 6 மட்டுமே. விழுந்தால் மேலே உள்ள காய் ஒன்றைத் திருப்பலாம். வெற்றுக்காயும் கண்ணிப்பொறியும் அப்படியே அகற்றப்படும். கிடங்கு முகம் காட்டிக் கிடக்கும், ஒரு குழு அந்தக் கட்டத்துக்குள் நுழைந்தால் கைப்பற்றியதாகும்.

தேடாமல் நேரே நுழையவும் செய்யலாம். கண்ணிப்பொறி இருந்தால் பகடையில் 4, 5, 6 விழுந்தால் அடி. போராளிக் குழு இருந்தால் அது பதுங்கித் தாக்கும், தப்பினாலும் நீங்கள் முந்தைய கட்டத்துக்குத் திரும்ப வேண்டும். நேரமில்லாமல் அவசரப்படும் தளபதிக்கு இந்த வழி எப்போதும் ஆசை காட்டும். வியட்நாமில் இறந்த அமெரிக்கர்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கண்ணிவெடிக்கும் கண்ணிப்பொறிக்கும் பலியானவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

படி 5: சூடும் அதன் விளைவும்

பகடை எண்ணோடு சுடுபவர் பலத்தைக் கூட்டி, இலக்கின் மறைப்பைக் கழியுங்கள். வயல் 0, கிராமம் 1, காடு 2, மலைக்காடு 3. ஒரே கட்டத்திலிருந்து இரு குழு சேர்ந்து சுட்டால் ஒன்று கூடும்.

விடை 4 வரை ஒன்றுமில்லை. 5 என்றால் இலக்கு பதுங்கிவிடும், அடுத்து வரும் தன் நகர்வையும் சூட்டையும் இழக்கும். 6, 7 ஓர் அடி. 8-ம் அதற்கு மேலும் இரண்டு அடி. போராளிக் குழு ஓர் அடியில் அழியும். அமெரிக்கக் குழு முதல் அடியில் பின்பக்கம் திரும்பும், இரண்டாவதில் அகற்றப்படும். அமெரிக்கருக்கு விழும் ஒவ்வோர் அடிக்கும் ஒரு காயம்பட்டோர் காய் அந்தக் கட்டத்தில் சேரும்.

தூரம்: வயலில் நிற்பவரை இரண்டு கட்டத்திலிருந்து சுடலாம். காட்டிலோ மலையிலோ கிராமத்திலோ இருப்பவரைப் பக்கத்துக் கட்டத்திலிருந்து மட்டுமே. காட்டுக்குள் இருப்பவன் உங்களைச் சுடலாம், நீங்கள் அவனைச் சுட முடியாது என்ற நிலை அடிக்கடி வரும். விதியில் தவறு இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும்.

பதுங்கித் தாக்குதல்: அமெரிக்கக் குழு பக்கத்துக் கட்டத்துக்குள் வந்ததும், கவிழ்ந்து கிடக்கும் போராளிக் குழு உடனே வெளிப்பட்டுச் சுடலாம். அப்போது 2 கூடும்.

பீரங்கி: ஆட்டம் முழுவதற்கும் நான்கு முறை. அமெரிக்கர் தம் சூடு முடிந்ததும் ஒரு கட்டத்தின் எண்ணைத் தாளில் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். குண்டு அடுத்த சுற்றின் தொடக்கத்தில்தான் விழும். 4, 5, 6 விழுந்தால் அங்கிருக்கும் ஒரு போராளிக் குழு அழியும். ஆனால் 1 விழுந்தால், பக்கத்துக் கட்டத்தில் நிற்கும் ஓர் அமெரிக்கக் குழுவுக்கே அடி. எதிரியின் இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டு சண்டை போட வேண்டும், நெருங்கிவிட்டால் அவனால் பீரங்கியை அழைக்க முடியாது என்பது வியட்நாமியப் படைகளின் பாடம்.

மறுபடி மறைதல்: வியட்காங் நகர்வு முடிந்தபின், இரண்டு கட்டத்துக்குள் அமெரிக்கர் யாரும் இல்லாத போராளிக் குழு மறுபடி கவிழும். ஒரே கட்டத்தில் கவிழ்ந்து கிடக்கும் இரு காய்களைக் குலுக்கி இடம் மாற்றவும் செய்யலாம். கிராமத்திலிருந்து ஒருமுறை சுட்டுவிட்டால் அந்தக் கிராமத்தில் மறுபடி கவிழ முடியாது.

படி 6: ஒரு சுற்றை அருகிலிருந்து பார்ப்போம்

நான்காம் சுற்று. 0505-ல் இரண்டு அமெரிக்கக் குழுக்கள். 0508 மலைக்காடு, அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு காய்கள் முதல் சுற்றிலிருந்து அசையாமல் கிடக்கின்றன. ஒரு குழு பாதை வழியே 0506 போகிறது, ஒரு புள்ளி. அடுத்து 0507 காடு, இரண்டு புள்ளி. இப்போது 0508-க்குப் பக்கத்தில் நிற்கிறது.

இந்த நொடியில் முடிவெடுக்க வேண்டியவர் வியட்காங் ஆட்டக்காரர். மேலே இருப்பது போராளிக் குழு, கீழே கிடங்கு. இப்போதே பதுங்கித் தாக்கினால் பகடையோடு நிகரம் 2 கூடும்: பலம் 2, தாக்குதலுக்கு 2, காட்டின் மறைப்புக்கு 2 கழிவு. 4-லிருந்து அடி விழும், 6 விழுந்தால் குழுவே போய்விடும். ஆனால் முகம் தெரிந்துவிடும், அமெரிக்கர் சூடு அடுத்து வருகிறது. அவர் பொறுத்திருக்கிறார்.

அமெரிக்கர் மீதியிருக்கும் ஒரு புள்ளியில் தேடுகிறார். மலைக்காட்டில் 6 வேண்டும். விழுந்தது 3. சுடுவதற்குக் கண்ணில் யாரும் இல்லை. இப்போது வியட்காங் சூடு. இது சாதாரணச் சூடு, பலம் 2-ஐக் காட்டின் மறைப்பு 2 சரிக்கட்டிவிடும், பகடை எண் மட்டுமே கணக்கு. 5 விழுகிறது. அமெரிக்கக் குழு பதுங்கிவிட்டது, அடுத்த சுற்றில் அசைய முடியாது. கையிருப்பில் ஒரு வெடிமருந்து குறைந்தது.

வியட்காங் நகர்வு வருகிறது. வழக்கமாக இங்கே ஓடிவிட வேண்டும். ஓடினால் அடியில் இருக்கும் கிடங்கு தனியாகக் கிடக்கும். நின்றால் 0505-ல் உள்ள இரண்டாவது குழு வந்து சேரும். யோசித்துவிட்டு நிற்கிறார்.

அமெரிக்கர் இதைக் கவனித்தாக வேண்டும். சுட்டபின் ஓடாத கெரில்லா எதையோ காக்கிறான். தேடல் பகடை சொல்லாத சேதியை எதிரியின் நடத்தை சொல்லிவிட்டது. நல்ல ஆட்டக்காரர்கள் காயைவிட எதிரே இருப்பவரின் தயக்கத்தையே அதிகம் படிப்பார்கள்.

படி 7: வியட்காங்காக ஆடுவது

புதியவர்கள் கிடங்கை மலையின் அடிக்கோடியில் வைத்து, எட்டுக் குழுவையும் சுற்றி நிறுத்துவார்கள். அது "இங்கே இருக்கிறது" என்று பலகை மாட்டுவதற்குச் சமம். குறைந்தது இரண்டு கிடங்கைக் காவலே இல்லாமல், யாரும் ஏறிட்டுப் பார்க்காத இடத்தில் விடுங்கள். அதே நேரம் ஒரு மேட்டில் வெற்றுக்காயையும் கண்ணிப்பொறியையும் குவித்து, பக்கத்தில் ஒரே ஒரு உண்மைக் குழுவை நிறுத்தி, அவர்கள் வரும்போது ஒரு குண்டு சுடுங்கள். மூன்று சுற்றை அங்கே தொலைப்பார்கள்.

வெற்றுக்காய்களை நகர்த்துங்கள். பலர் மறந்துவிடுவது இதைத்தான். உண்மைக் குழு மட்டும் நகர்ந்தால், நகரும் காயெல்லாம் ஆள் என்று எதிராளி கண்டுகொள்வார். வெற்றுக்காய் அமெரிக்கரை நோக்கித் துணிந்து வர வேண்டும், தயங்கி நிற்க வேண்டும், திடீரென்று விலகிப் போக வேண்டும். சில குழுக்களை அசையாமலும் வையுங்கள், கிடங்கென்று நினைத்து வருபவர்களுக்காக.

12 வெடிமருந்து 12 சுற்றுக்கு. ஒரு சுற்றில் மூன்று சுட்டால் பிறகு வெறுமனே வேடிக்கை பார்க்க வேண்டியிருக்கும். வயலில் நிற்கும் குழு, இறங்கும் ஹெலிகாப்டர், காயம்பட்டவரைச் சுமந்து வெட்டவெளிக்கு வரும் குழு ஆகியவற்றுக்காகக் காத்திருங்கள்.

படி 8: அமெரிக்கராக ஆடுவது

இரண்டிரண்டு குழுவாக நகருங்கள், ஆனால் ஒரே கட்டத்தில் அல்ல. ஒன்று தேடும்போது இன்னொன்று ஒரு கட்டம் பின்னால் காட்டுக்குள் நிற்கட்டும். முன்னால் போனது அடிபட்டால், பின்னால் இருப்பது முன்னேறித் திருப்பிச் சுடும்.

உங்கள் பெரிய ஆயுதம் அழிப்பதல்ல, பதுங்க வைப்பது. வெளிப்பட்ட போராளிக் குழுவை உங்கள் சூட்டில் 5 எடுத்துப் பதுங்க வைத்துவிட்டால், அந்தச் சுற்றில் அது சுடவும் முடியாது, ஓடவும் முடியாது. அதே கட்ட எண்ணை எழுதிப் பீரங்கியை அழையுங்கள். அடுத்த சுற்றின் தொடக்கத்தில் குண்டு விழும்போது அது அங்கேயே இருக்கும். பதுங்க வைக்காமல் பீரங்கி அழைத்தால் பெரும்பாலும் வெற்றுக் காட்டில்தான் விழும்.

காயம்பட்டோர் விஷயத்தில் கவனமாக இருங்கள். அவர்களோடு இருக்கும் குழு சுற்றுக்கு ஒரு கட்டம் மட்டுமே நகரும். ஹெலிகாப்டர் வயலில்தான் இறங்கும், ஆக அவர்களைச் சுமந்துகொண்டு வெட்டவெளிக்கு வந்தே தீர வேண்டும். எந்த வயல் என்பதை அடி விழுவதற்கு முன்பே தீர்மானித்து, அதன் ஓரத்தில் ஒரு குழுவை நிறுத்தி வையுங்கள். வியட்நாமில் 'டஸ்ட்ஆஃப்' என்ற அழைப்புப் பெயரில் பறந்த மருத்துவ ஹெலிகாப்டர்கள் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தன. ஆனால் ஒரே ஒரு காயம்பட்டவர் ஒரு பிளட்டூனின் நாள் முழுவதையும் மாற்றிவிட முடியும். காட்டில் ஒரு குழுவுக்கு அடிபட்டதும் உங்கள் தேடல் திட்டம் எப்படிக் கலைகிறது என்று பாருங்கள்.

படி 9: புள்ளிக் கணக்கு

அமெரிக்கருக்கு: கைப்பற்றிய கிடங்கு ஒவ்வொன்றுக்கும் 5, அழித்த போராளிக் குழுவுக்கு 1.

வியட்காங்குக்கு: அமெரிக்கருக்கு விழுந்த ஒவ்வோர் அடிக்கும் 2. ஆட்டம் முடியும்போது களத்திலேயே விடப்பட்ட ஒவ்வொரு காயம்பட்டோர் காய்க்கும் மேலும் 3. வீழ்ந்த ஹெலிகாப்டருக்கு 5. அமெரிக்கர் கிராமக் கட்டத்தை நோக்கிச் சுட்டாலோ பீரங்கி அழைத்தாலோ, இலக்கு எதுவாக இருந்தாலும், ஒவ்வொரு முறைக்கும் 4. சமமானால் வெற்றி வியட்காங்குக்கு.

நண்பர்கள் முதலில் சண்டைக்கு வருவது இந்த இடத்தில்தான். "ஒரு குழுவையே ஒழித்தால் வெறும் ஒன்றுதானா?" ஆமாம், ஒன்றுதான். வியட்நாமில் அமெரிக்கத் தலைமை வெற்றியை எதிரிப் பிணங்களின் எண்ணிக்கையால் அளந்தது. எண்ணிக்கை தாள்களில் ஏறிக்கொண்டே போனது, போர் வெல்லப்படவில்லை. எண்ணிக்கை வேண்டும் என்ற அழுத்தத்தில் இறந்த கிராமவாசிகளும் அதில் எதிரியாகக் கணக்கில் சேர்ந்தார்கள். ஒரு ஆட்டம் எதற்குப் புள்ளி கொடுக்கிறதோ அதைத்தான் ஆடுபவர் தேடுவார். குழுவுக்கு 5 புள்ளி என்று மாற்றி ஒரே ஒருமுறை ஆடிப் பாருங்கள். கிராமத்துக்குள் சுடலாமா வேண்டாமா என்று நீங்கள் யோசிக்கும் நேரம் சட்டென்று குறைந்துபோகும். 4 புள்ளி போனாலும் பரவாயில்லை, 5 வருகிறதே என்று கை தானாகப் பகடையை எடுக்கும். அந்த மாற்றத்தை உங்களுக்குள் நீங்களே பார்ப்பதற்காகவாவது இந்த ஆட்டத்தை ஆட வேண்டும் என்பேன்.

இரண்டு மூன்று ஆட்டத்துக்குப் பிறகு ஒரு தரப்பே ஜெயித்துக்கொண்டிருந்தால் புள்ளிகளைத் தொடாதீர்கள். வெடிமருந்தை 12-லிருந்து 10-க்கோ 14-க்கோ மாற்றிப் பாருங்கள். அது ஒன்றே போதுமான திருகு.

படி 10: தனியாக ஆடுவதும், அடுத்த கட்டமும்

துணைக்கு ஆள் இல்லையென்றால் 24 காய்களையும் குலுக்கி, எது எதுவென்று தெரியாமல் காட்டிலும் மலையிலும் கிராமங்களிலும் பரப்பி வைத்து அமெரிக்கராக ஆடலாம். பக்கத்தில் போகும்போது ஒவ்வொரு கவிழ்ந்த காய்க்கும் பகடை போடுங்கள். 1, 2 விழுந்தால் திருப்புங்கள், போராளிக் குழுவானால் உடனே பதுங்கித் தாக்கும். ஏமாற்றும் சுகம் இதில் கிடைக்காது. விதிகள் கையில் பழக இது போதும்.

ஆட்டம் பிடிபட்டதும் சுரங்கத்தைச் சேருங்கள். 1966 ஜனவரியில் கூ சி அருகே 'கிரிம்ப்' நடவடிக்கையின்போது ஆஸ்திரேலியப் பொறியாளர்கள் உள்ளே இறங்கித் தேடிய பிறகுதான் அந்தச் சுரங்கப் பின்னல் எவ்வளவு பெரிது என்று மேலே நின்றவர்களுக்கு உறைத்தது. நம் பலகையில் இப்படி: தொடக்கத்தில் வியட்காங் ஆட்டக்காரர் இரண்டு கட்ட எண்களை ரகசியமாக எழுதி வைப்பார். இரண்டுக்கும் இடையே நான்கு கட்டத்துக்கு மேல் தூரம் கூடாது. ஒன்றில் நகர்வைத் தொடங்கும் போராளிக் குழு நான்கு புள்ளியையும் செலவழித்து மற்றதில் வெளிவரலாம், கவிழ்ந்த நிலையிலேயே. அமெரிக்கர் அந்தக் கட்டத்தில் ஒரு முழுச் சுற்று அசையாமல் நின்று தேடி, பகடையில் 5 அல்லது 6 போட்டால் சுரங்கத்தின் வாய் அடைபடும்.

இந்த விதி வந்ததும் அமெரிக்கர் ஆடும் விதம் மாறும். சுற்றிவளைத்துவிட்டோம் என்று எண்ணிய கட்டம் வெறுமையாக இருக்கும். தேடி முடித்த இடத்தில் காய் மறுபடி முளைக்கும். ஒரு கட்டத்தைத் தேடிவிட்டு விட்டுப்போவதா, ஆள் நிறுத்திக் காப்பதா என்ற கேள்வி ஒவ்வொரு சுற்றும் வரும். ஒன்பது குழுவை வைத்துக்கொண்டு 120 கட்டத்தைக் காக்க முடியாது. அதனால் காக்க வேண்டிய மூன்று நான்கு கட்டங்களை முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்: இறங்கும் வயல் ஒன்று, அதை நோக்கும் காட்டோரம் ஒன்று, பாதை பிரியும் இடம் ஒன்று. மீதியைத் தேடிவிட்டு நகருங்கள்.